ஆர்டிஸிடம் மூன்று தடவை கேட்க வேண்டும்

ஆர்டிஸ் க்வாமே வாய் திறந்து எனக்கு இது வேண்டும் என்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. நேற்றுப் பழகியவள் அல்ல நான். அவள் முதல் கல்யாணத்துக்குப் பூங்கொத்து பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தவள். ஒரு குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். நான் பதறிப்போய்ப் பார்த்தால், முறிந்த கையைத் துண்டில் சுற்றி இடுப்போடு அணைத்துக்கொண்டு மற்றக் கையால் யாருடைய பிறந்தநாள் கேக் மேலோ கிரீம் பிழிந்துகொண்டிருக்கிறாள். இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர், வலிக்கிறதா என்று கேட்டார். 'பரவாயில்ல டாக்டர், வெளிய உட்கார்ந்திருக்கறவங்கள முதல்ல பாருங்க' என்றாள். எலும்பு தோலுக்கடியில் துருத்திக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு மற்றக் கையையும் நானே முறித்திருப்பேன்.

எங்கள் நெட்டில் லேக் ஊரில் எல்லோரும் கொஞ்சம் இந்த ரகம்தான். மினசோட்டா முழுக்கவே இந்த ரகம்தான் என்று சொல்வார்கள். காபி வேண்டுமா என்று யாராவது கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்போம். மூன்றாம் தடவை கேட்டால்தான், சரி, போட்டது இருந்தால் அரைக் கோப்பை என்போம். அந்த அரைக் கோப்பைக்குப் பின்னால் பானையையே காலி செய்வோம், அது வேறு கதை. தட்டில் கிடக்கும் கடைசித் துண்டை யாரும் தொட மாட்டோம். ஒருத்தர் அதில் பாதியை வெட்டி எடுப்பார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. முடிவில் எறும்புக்குக்கூடப் பற்றாத ஒரு துணுக்கு தட்டிலேயே காய்ந்து கிடக்கும்.

ஆனால் நாங்களெல்லாம் மூன்றாம் தடவைக்குக் காத்திருந்து வாங்கிக்கொள்கிறவர்கள். ஆர்டிஸ் அப்படியும் வாங்கிக்கொள்ளாமல் விட்டுவிடுகிறவள். வீட்டில் ஆறு பெண்கள், இவள் ஐந்தாவது. நான்கு அக்காமார் போட்டுத் தேய்த்த கோட்டுதான் இவளுக்கு வரும். அதற்கும் நன்றி சொல்லிப் போட்டுக்கொள்வாள். ஊர் மளிகைக்கடையில் கேக் பிரிவில் சேர்ந்து இத்தனை வருஷமாக ஊரில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கேக் மேல் எழுதியிருக்கிறாள். அவளுடைய பிறந்தநாளுக்குக் கேக் கிடையாது. எழுதுகிறவளே அவள்தான், அவளிடமே போய் எப்படிச் சொல்வது என்று எல்லோரும் இருந்துவிட்டோம். அவளும் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை.

நார்மன் க்வாமே அவளை மூன்று தடவை கேட்டுத்தான் கட்டினான். முதலில் நடன அரங்கில். அடுத்து மாட்டுக் கொட்டிலில். மூன்றாவது பெட்ரோல் பங்கில், டாங்கியில் குழாயைச் சொருகியபடி. 'சரி, உனக்குச் சிரமம் இல்லன்னா' என்றாளாம். நல்ல மனுஷன், போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

இந்த ஊருக்குத்தான் நான்கு வருஷத்துக்கு முன்னால் கார்மைன் ரிஸ்ஸோ வந்து சேர்ந்தான். நியூ ஜெர்சிக்காரன். மனைவி இறந்தபின் அந்த நெரிசல் பிடிக்காமல், ஏரியில் மீன் பிடிக்கலாம் என்று வந்தவன். பிழைப்புக்கு ஒரு ஹீட்டர் ரிப்பேர் கடை. எங்கள் குளிருக்கு இங்கே டாக்டரைவிட ஹீட்டர்க்காரனுக்குத்தான் மரியாதை அதிகம். அப்படியும் ஊர் அவனைக் கருமி என்று முடிவுகட்டிவிட்டது. காரணம் இருக்கிறது. அவன் வீட்டுக்கு யார் போனாலும், சாப்பிடுறீங்களா என்று ஒரே ஒரு தடவை கேட்பான். வேண்டாம் என்றால், சரி என்று சொல்லிவிட்டு வந்தவர் கண் முன்னாலேயே தன் தட்டில் போட்டுச் சாப்பிடுவான். என் புருஷன் டுவேன் ஒரு முழுச் சாயங்காலம் அங்கே உட்கார்ந்து மீன் கதை பேசிவிட்டு வந்து, ஃப்ரிட்ஜைத் திறந்து நின்றபடியே முந்தின நாள் மிச்சத்தையெல்லாம் தின்றான்.

ஒரு ஜனவரியில் ஆர்டிஸ் வீட்டு ஹீட்டர் நின்றுபோய், கார்மைன் போய்ச் சரிசெய்தான். வழக்கம்போல் இவள், காபி குடிக்கிறீங்களா என்று கேட்டிருக்கிறாள். அவன் முதல் தடவையிலேயே, ஆமா, குடுங்க என்றுவிட்டான். இவள் திகைத்துப் போனாள். அடுப்பில் தண்ணீர்கூட வைக்கவில்லை, எப்படியும் இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்குமே, அதற்குள் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள். அவசரத்தில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுக் கொடுத்தாள். அவன் முழுவதையும் குடித்துவிட்டு, 'நல்லால்ல. ஆனா சூடா இருந்துச்சு' என்றானாம். இதை என்னிடம் சொல்லும்போது ஆர்டிஸ் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதன்பின் அவள் வீட்டு ஹீட்டர் அடிக்கடி நின்றது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. அது போன நவம்பரில், வான்கோழி வாட்டி நன்றி சொல்கிற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின நாள்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் அந்த விருந்து வழக்கம்போல நண்பர்களுக்குத்தான். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள், விமானம் ஏறி வருகிற வேலையில்லை. நான், டுவேன், டுவேனின் அண்ணன் எல்ராய், ஆர்டிஸ், கார்மைன். எல்ராய் கல்யாணமே செய்துகொள்ளாத ஆசாமி, சாப்பாட்டைத் தவிர வேறெதன் மேலும் அவருக்கு ஆசை வந்ததில்லை. புதன்கிழமை ஆர்டிஸ் வேலை முடித்ததும் இரண்டு பேருமாகத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் சாமான் வாங்கப் போனோம். ஊரே உள்ளே இருந்தது. கிரான்பெர்ரி டப்பா அடுக்கியிருந்த இடம் வெட்டுக்கிளி மேய்ந்த வயலாகிவிட்டது.

உறையவைக்காத வான்கோழி ஒன்றே ஒன்று மிச்சம். நான் கை வைத்த அதே நேரத்தில் மறுபக்கத்திலிருந்து கொரின் ஹாகனும் கை வைத்தாள். சர்ச்சில் பியானோ வாசிக்கிறவள்.

"நீங்க எடுத்துக்கோங்க லவான்" என்றாள்.

"அய்யோ, நீங்கதான முதல்ல வந்தீங்க."

"எங்க வீட்ல ரெண்டே பேரு. ஒரு கோழி போதும் எங்களுக்கு."

"எங்க டுவேனுக்கு வான்கோழின்னாலே ஆகாது. நீங்க எடுங்க" என்றேன். பச்சைப் பொய். டுவேன் அந்தப் பறவையின் கழுத்தைக்கூட விடமாட்டான். கொரின் இன்னும் ஒரு தடவை சொல்லட்டும், எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம் என்று கணக்குப் போட்டு நின்றேன். அவளும் வாயைத் திறந்தாள். அதற்குள் எங்கள் இருவர் கைக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கை வந்தது.

"இது யாருக்கும் வேணாமா?" என்றான் கார்மைன்.

"இல்ல, இல்ல, நீங்க எடுத்துக்கோங்க" என்றோம் கொரினும் நானும், ஒரே குரலில்.

"தேங்க்ஸ்" என்று தூக்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டான். கொரின் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை வருஷச் சர்ச் சிநேகமும் உடைந்தது. பாறை மாதிரி உறைந்துகிடந்த ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு அவனிடம் கேட்டேன்.

"நாளைக்குத்தான் எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றீங்களே. உங்களுக்கு எதுக்கு வான்கோழி?"

"வழிச் சாப்பாட்டுக்கு. வாட்டி, ரொட்டிக்குள்ள வச்சு எடுத்துக்கிட்டா நியூ ஜெர்சி போற வரைக்கும் தாங்கும். சனிக்கிழமை கிளம்பறேன்."

"அக்காவப் பாக்கப் போறீங்களா? எப்ப திரும்பி வர்றீங்க?"

"திரும்பி வரல. கடைய விக்கப் பேசிட்டேன். அக்கா வீட்ல மாடி காலியா இருக்காம்" என்றான். என்னிடம்தான் சொன்னான், ஆனால் பார்வை எனக்குப் பின்னால் இருந்தது. அங்கே ஆர்டிஸ் கடைசி கிரான்பெர்ரி டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"அப்படியா" என்றாள். கொஞ்ச நேரம் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தாள். பிறகு, "ரோட்ல மான் குறுக்க வரும். பாத்துப் போங்க" என்றாள்.

எங்கள் ஊரில் ஒருவர் மற்றவரிடம் இதற்குமேல் அன்பைச் சொல்லிவிட முடியாது. என் அம்மா சாகும்போதுகூட என்னிடம் மானைப் பற்றித்தான் சொன்னாள். நியூ ஜெர்சிக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? மானைப் பற்றித்தான் சொல்கிறாளாக்கும் என்று தலையாட்டிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

காரில் ஏறி உட்கார்ந்தோம். பின்சீட்டில் இடமில்லாமல் ஆர்டிஸ் அந்த உறைந்த வான்கோழியை மடியில் வைத்துக்கொண்டாள். நான் சாவியைத் திருகவில்லை. அவள் முகம் சரியில்லை.

"ரெண்டு தடவ கேட்டார் லவான்" என்றாள்.

"என்னத்த கேட்டார்?"

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு."

"எப்ப?"

"மே மாசம், ஏரிக்கரைல, படக எறக்கும்போது. அப்புறம் செப்டம்பர்ல கடைக்கே வந்து, போன தடவ கேட்டத யோசிச்சீங்களான்னார். நான் பாதிரியாரோட கேக்குல எழுதிட்டிருந்தேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊரை விட்டுப் போகிற பாதிரியாருக்கான வழியனுப்புக் கேக்கில் இவள் 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று எழுதி அனுப்பி, பாவம் அந்த மனுஷன் எல்லோர் முன்னாலும் மெழுகுவர்த்தியை ஊதினார்.

"நீ என்னடி சொன்ன?"

"மொதல்ல, உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்னேன். ரெண்டாவது தடவ, பரவாயில்ல, நான் இப்படியே இருந்துக்கறேன்னேன்." மடியிலிருந்த வான்கோழியைத் தட்டிக்கொடுத்தாள். "மூணாவது தடவ கேப்பார்னு பாத்துட்டே இருக்கேன். கேக்கவே இல்ல."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏண்டி, அந்தாளு நியூ ஜெர்சிடி. அங்கெல்லாம் வேண்டாம்னா வேண்டாம்னுதான் அர்த்தம். நீ ரெண்டு தடவ அவன வெரட்டி விட்டிருக்க."

"நான் எங்க வெரட்டினேன்? மரியாதையாத்தான சொன்னேன்."

"உனக்கு அந்தாளு வேணுமா வேணாமா? அத மொதல்ல சொல்லு."

கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். கார்மைன் தூரத்தில் தன் வேனுக்குள் அந்த வான்கோழியை வைத்து அதற்குச் சீட் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து ஆர்டிஸ் சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. எனக்கு அதுவே போதுமான பதிலாக இருந்தது.

"நான் போய்ச் சொல்லிடறேன் அவன்கிட்ட" என்று கதவைத் திறந்தேன்.

சட்டென்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு வார்த்த சொன்ன, அப்புறம் உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். சொல்லிக்குடுத்துக் கேக்க வச்சா அது கேட்டதா ஆகுமா?"

"அப்ப நீயே கேளு."

"நானா? கேக்கறதா?" சர்ச் உண்டியலை உடைக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். செய்த நிமிஷத்திலிருந்தே நாக்கு அரிக்க ஆரம்பித்தது.

உறைந்த பறவையைக் குளியல் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் மூழ்கப்போட்டு, மணிக்கொரு தரம் தண்ணீர் மாற்றி, மறுநாள் டுவேனைக் குளிக்காமலே சட்டை மாட்டவைத்து, எப்படியோ மத்தியானத்துக்குள் வாட்டி மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அதனால் ஆர்டிஸ் உருளைக்கிழங்கு ரொட்டி ஒரு கட்டு, ஊறுகாய் இரண்டு வகை, ஆப்பிளை மாவுக்குள் மூடிச் சுட்ட பெரிய ஆப்பிள் பை ஒன்று எல்லாம் கொண்டுவந்தாள். எல்ராய் ஒரு வாளி நிறைய வெண்ணெய் கொண்டுவந்தார், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கார்மைன் கையை வீசிக்கொண்டு வந்தான்.

"ஒண்ணும் கொண்டுவர வேணாம்னு சொன்னீங்கல்ல, அதான்" என்று சந்தோஷமாகச் சொன்னான். சொன்னதைச் சொன்னபடி கேட்கிற மனுஷனை என்ன செய்வது?

சாப்பிடுமுன் ஆளுக்கொன்று, எதற்கு நன்றி என்று சொல்வது எங்கள் வழக்கம். டுவேன் கல்லுளிமங்கன், "ஹீட்டர் ஓடுது" என்று முடித்துக்கொண்டான். எல்ராய், "கிரேவி" என்றார். கார்மைன் கொஞ்சம் யோசித்தான்.

"நாலு வருஷம் இந்த ஊர்ல இருந்ததுக்கு. முக்கியமா ஒரு உப்புக் காபிக்கு" என்றான்.

ஆர்டிஸின் முறை வந்தது. இப்போதாவது சொல்லித் தொலையேன் என்று மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தேன். "எல்லாம் நல்லாருக்கு" என்றாள். நான் மிதித்தது எல்ராயின் காலை என்பது அவர் முகத்திலிருந்து தெரிந்தது.

வாய் திறக்க மாட்டேன் என்றுதானே சத்தியம்? அவன் கண்ணைத் திறந்துவிடக் கூடாது என்று சத்தியம் இல்லையே. உருளைக்கிழங்கு மசியலைத் தூக்கிக்கொண்டு எல்ராயிடம் போனேன்.

"எல்ராய், இன்னும் கொஞ்சம் மசியல்?" என்றேன் உரக்க.

"வேண்டாம் லவான், நெறஞ்சிருச்சு."

கார்மைனைப் பார்த்தேன். "ஒரு தடவ வேண்டாம்னுட்டார். திரும்பக் கேக்கறேன். இன்னும் கொஞ்சம், எல்ராய்?"

"இல்ல இல்ல, மத்தவங்களுக்கு இருக்கட்டும்."

"ரெண்டு தடவ வேண்டாம்னுட்டார். அப்படீன்னா என்ன அர்த்தம்? இப்ப நான் மூணாவது தடவையா..."

"விடுங்க லவான்" என்றான் கார்மைன், நிஜமான இரக்கத்தோடு. "மனுஷன் வேண்டாம் வேண்டாம்னு கெஞ்சறார், ஏன் போட்டுத் தொல்ல பண்றீங்க? இப்படிக் குடுங்க." கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கித் தன் தட்டில் கவிழ்த்துக்கொண்டான். எல்ராய் கரண்டியைப் பிடித்தபடி அந்த மசியல் போகும் திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கப்பலேறிப் போகிற காதலியை அப்படிப் பார்ப்பார்கள்.

அடுத்து ஆப்பிள் பை. வெட்டிய தட்டைக் கார்மைன் கையிலேயே கொடுத்து, நீங்களே எல்லோருக்கும் கேட்டுப் போடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். டுவேனுக்கு நான் முன்பே எடுத்து வைத்துவிட்டேன், சொந்த வீட்டில் அவன் முதல் தடவையே சரி என்றுவிடுவான். கார்மைன் ஆர்டிஸிடம் போனான்.

"வேணுமா?"

"வேண்டாம்" என்றாள் ஆர்டிஸ், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"சரி" என்று எல்ராயிடம் போனான். "வேணுமா?"

"வேண்டாம்."

"சரி" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படியை நோக்கி நடந்தான்.

மசியல் போனதைப் பொறுத்துக்கொண்ட எல்ராயால் ஆப்பிள் பை போவதைப் பொறுக்க முடியவில்லை. அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக எழுந்து நின்று கத்தினார். "யோவ், எங்கய்யா கொண்டுபோற? இன்னும் ரெண்டு தடவ கேளுய்யா!"

கார்மைன் திரும்பினான். "வேண்டாம்னீங்களே."

"மொதல் தடவ வேண்டாம்னுதான் சொல்லணும். ரெண்டாவது தடவையும் அப்படித்தான். மூணாவது தடவதான்யா சரின்னு சொல்றது. இதுகூடத் தெரியாம நீ எப்படி இந்த ஊர்ல குடியிருந்த?"

கார்மைன் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றான். "அப்ப நாலு வருஷமா என் வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும்..."

"பசியோடதான் திரும்பிப் போனோம்" என்றான் டுவேன். அன்றைக்கு அவன் பேசிய இரண்டாவது வாக்கியம் அது.

"எல்லாத்துக்குமா? எதக் கேட்டாலும் மூணு தடவையா?"

"எல்லாத்துக்கும்தான். நான் டிராக்டர் வாங்கினதே மூணாவது தடவ கேட்டப்புறம்தான்" என்றார் எல்ராய்.

கார்மைன் மெல்லத் திரும்பி ஆர்டிஸைப் பார்த்தான். ஆர்டிஸ் காதுவரை சிவந்து என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன், நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று.

இனி அவன் கேட்டுவிடுவான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவன் எல்ராய் தட்டில் இரண்டு துண்டு வைத்தான். தனக்கும் எனக்கும் ஒவ்வொன்று வைத்தான். ஒரு துண்டு மிச்சம் இருந்தது. தட்டை மேஜை நடுவில் வைத்துவிட்டு நின்றபடியே பேசினான்.

"ஆப்பிள் பைன்னா மூணு தடவ கேக்கலாம். தப்பில்ல. ஆனா சில விஷயம் இருக்கு. ஒருத்தங்க ரெண்டு தடவ வேண்டாம்னு சொன்னப்புறம் மூணாவது போய் நின்னா, எங்க ஊர்ல அது மரியாத கெட்ட வேல. அவங்க அண்ணன் தம்பி வந்து கால ஒடச்சிருவாங்க, அது நியாயந்தான்னு நானும் சொல்லுவேன். அத என்னால பண்ண முடியாது." ஆர்டிஸைப் பார்த்துத்தான் சொன்னான், கோபமில்லாமல். "சாப்பாடு பிரமாதம் லவான். நான் கிளம்பறேன்."

நாங்கள் கிளம்புவது என்றால் அதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. முதலில் தொடையைத் தட்டி, 'சரி அப்ப' என்போம். அப்புறம் அரைமணி பேச்சு. வாசலில் கொஞ்சம், காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி இன்னும் கொஞ்சம். ஒருத்தர் மனசை மாற்றிக்கொள்ள அதில் தாராளமாக நேரம் இருக்கும். கார்மைன் கிளம்பறேன் என்றால் கிளம்பிவிடுவான். நான் நிமிர்வதற்குள் வாசலில் நின்று கோட்டுக்குள் ஒரு கையை விட்டாயிற்று.

"போறான்டி" என்றேன் ஆர்டிஸிடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் எழுந்தாள். பாத்திரம் துடைக்கிற துணியை எதற்கோ கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நாங்கள் மூன்று பேரும் வெட்கமில்லாமல் பின்னாலேயே போய் நின்றோம்.

"கார்மைன்."

"சொல்லுங்க."

"மான்..." என்று ஆரம்பித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தொலைந்தது, இவள் மானைச் சொல்லி அனுப்பிவைத்துவிட்டு, சாகும்வரை கேக்கில் கிரீம் பிழிந்துகொண்டு இருக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

மான் வரவில்லை. துணியை இரண்டு முறுக்கு முறுக்கினாள். "நீங்க ரெண்டு தடவ கேட்டீங்களே. அத இப்ப நான் கேக்கறேன். பண்ணிக்கலாமா?"

கார்மைனின் கை ஜிப்பிலேயே நின்றது. அவன் அவளை ரொம்ப நேரம் பார்த்தான்.

"வேண்டாம் ஆர்டிஸ்" என்றான். "உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்?"

ஆர்டிஸின் முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் வடிந்துவிட்டது. இத்தனை வயதில் ஒரே ஒரு முறை கேட்டாள், அதற்கு இதுதானா பலன் என்று அவன் மேல் பாயப் போனேன். அப்போது எனக்குப் பின்னாலிருந்து, வாய் நிறைய ஆப்பிள் பையோடு எல்ராய் முணுமுணுத்தார்.

"அது மொதல் தடவதான்."

ஆர்டிஸ் தலையை நிமிர்த்தினாள். கார்மைனின் உதட்டோரம் துடித்துக்கொண்டிருந்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"பண்ணிக்கலாமே கார்மைன்" என்றாள், எங்கள் ஊர் விருந்தாளியிடம் பேசுகிற அதே குரலில். "வீடு பெருசு. ஹீட்டரும் பழசு."

"இல்ல இல்ல, பரவாயில்ல. அக்கா வேற மாடிய ஒழிச்சு வச்சிருக்கா."

"ரெண்டு" என்றார் எல்ராய். டுவேன் அவரை முழங்கையால் இடித்தான்.

மூன்றாம் தடவை கேட்க ஆர்டிஸ் வாய் திறந்தாள். விளையாட்டாகத்தான் திறந்தாள். ஆனால் விளையாட்டுக் குரல் வரவில்லை. துணி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, அவள் எடுக்கவில்லை.

"நான் இதுவர யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்ல கார்மைன். எப்படிக் கேக்கறதுன்னுகூடத் தெரியல. நீங்க போனா எனக்கு வலிக்கும். ரொம்ப வலிக்கும். போகாதீங்க."

எலும்பு முறிந்தபோதுகூட அந்த வார்த்தையைச் சொல்லாதவள். கார்மைனின் முகத்திலிருந்த குறும்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. மூக்கை உறிஞ்சினான்.

"சரி" என்றான். "உங்களுக்குச் சிரமம் இல்லன்னா..."

"சிரமந்தான்" என்றாள் ஆர்டிஸ். "கோட்டக் கழட்டுங்க."

அவன் கழற்றினான். டுவேன் அதை வாங்கி மறுபடியும் ஆணியில் மாட்டினான். ஆர்டிஸ் எல்லோருக்கும் முன்னால் நடந்து போய் மேஜையில் உட்கார்ந்தாள். தட்டில் அந்தக் கடைசித் துண்டு அப்படியே இருந்தது. எல்ராய் கத்தியை எடுத்துப் பாதியாக வெட்டப் போனார். ஆர்டிஸ் அவர் கையை விலக்கிவிட்டு, துண்டை முழுசாக எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.